தெரியாமல் கொடுக்கும் மாத்திரை



சென்ற மாதம் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்றை நான்கைந்து முறை படித்தேன். எழுதியவர் கடலோரப் பங்கு ஒன்றைச் சேர்ந்த சகோதரி. பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கேட்டிராவிடினும் வெளியிட்டிருக்க மாட்டேன். அவருடைய கணவர் லாரி ஓட்டுகிறார். பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடிப்பழக்கம். மூத்த மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். பேருந்து நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைக் கண்டு, மகளின் காதணியை அடகு வைத்து, அஞ்சல் வழியாக ஒரு பொட்டலம் வரவழைத்திருக்கிறார் இச்சகோதரி.

"குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம், சுவையும் மணமும் இல்லை" என்பது விளம்பரம். பொட்டலத்தோடு, குணமடைந்தோர் இல்லங்களிலிருந்து வந்தனவாக இருபது நன்றிக் கடிதங்களை அச்சிட்ட தாள் ஒன்றும் வந்திருக்கிறது. உள்ளே இருக்கும் மருந்தின் பெயரோ எங்கும் இல்லை. "இரவுக் குழம்பில் போட்டுவிடு" என்கிறாராம் மாமியார். சகோதரிக்கு மனம் துணியவில்லை. வினாக்கள் இரண்டு: இக்கடிதங்களை நம்பலாமா? மருந்தைக் கொடுக்கலாமா?

இரண்டாம் வினாவுக்கு முதலில் விடை தருகிறேன். அது அடுத்த இதழ் வரை காத்திருக்கக் கூடியதன்று. கொடுக்க வேண்டாம், சகோதரி. மாமியார் கோபித்துக்கொண்டாலும் கொடுக்க வேண்டாம். ஏன் என்பதற்கு முதல் வினாவின் வழியாகவே செல்ல வேண்டியிருக்கிறது. சற்றுப் பொறுமையோடு உடன் வாருங்கள்.

நன்றிக் கடிதங்கள் அனைத்தும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. சில மெய்யாகவும் இருக்கலாம். குடி நின்ற வீட்டில் மகிழ்ச்சி உண்டு. மகிழ்ச்சியுள்ள இடத்தில் எழுதுகோலை எடுக்க மனம் வரும். குடி நிற்காத வீட்டில் யார் உட்கார்ந்து மருந்து விற்றவருக்குக் கடிதம் எழுதுவார்? ஆகவே இருபது கடிதங்கள் வந்தன என்பது பெரிய செய்தியன்று. எத்தனை பொட்டலங்கள் போயின என்பதே செய்தி. இருபத்தைந்து பொட்டலங்களுக்கு இருபது கடிதங்கள் என்றால் வியப்புதான். இருபதாயிரத்துக்கு இருபது என்றால்? அந்த எண்ணிக்கையை விளம்பரக்காரர் ஒருநாளும் அச்சிடுவதில்லை.

மேலும் குடிப்பழக்கம் ஒரே சீராக ஓடும் வாய்க்கால் அன்று, ஏறும், இறங்கும். தவக்காலம் நாற்பது நாளும் மதுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர், உயிர்ப்புப் பெருவிழா மாலையில் எங்கே இருக்கிறார் என்பது அவருடைய மனைவிக்குத் தெரியும். ஐயப்பனுக்கு மாலை அணிந்து விரதம் காக்கும் அண்டை வீட்டாரிடமும் இதைக் காணலாம். அந்த நாற்பது நாளின் நடுவில் ஒருவர் வந்து விசாரித்தால், "குணமாகிவிட்டார்" என்றே எழுதிக்கொண்டு போவார். இன்னொன்றும் உண்டு. குடும்பத்தார் மருந்து தேடி ஓடுவது எப்போது? வேலை போனபோது, சாலையில் விழுந்து கிடந்தபோது, தம்பி கலியாணத்தில் மானம் போனபோது. அவ்வளவு மோசமான நாள்களுக்குப் பின் வருபவை பெரும்பாலும் அவற்றைவிடச் சற்று நல்ல நாள்களாகவே இருக்கும். இடையில் ஒரு பொடியைக் கொடுத்திருந்தால் புகழ் பொடிக்குப் போய்ச் சேருகிறது.

எனவேதான் மருத்துவ ஆய்வாளர்கள், மருந்து உண்டவர்களை மட்டும் எண்ணிப் பார்த்து முடிவு சொல்வதில்லை. ஒத்த நிலையிலுள்ள நோயாளிகளை இரண்டு மூன்று குழுக்களாகப் பிரிக்கிறார்கள். யார் எக்குழுவில் என்பதை மருத்துவரோ நோயாளியோ தெரிவு செய்வதில்லை; நம் ஊரில் திருவுளச்சீட்டுப் போடுவதைப் போலக் குலுக்கலுக்கு விட்டுவிடுகிறார்கள். மன உறுதி மிக்கவர் எல்லாரும் ஒரே பக்கம் சேர்ந்துவிடாதிருக்கவே இந்த ஏற்பாடு. பின்னர் ஒரு குழுவுக்கு மருந்து, மற்றதற்கு வேறொன்று. ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து இரண்டையும் ஒப்பிடுகிறார்கள்.

இவ்வாறு ஒப்பிட்டபோது மருத்துவர்களே தலைகுனிய நேர்ந்ததும் உண்டு. இலண்டனில் கிரிஃபித் எட்வர்ட்ஸ் என்ற மனநல மருத்துவரும் ஜிம் ஆர்ஃபோர்ட் முதலிய அவருடைய துணைவர்களும் நடத்திய ஆய்வு 1977-இல் வெளிவந்தது. குடிநோய்க்கு ஆட்பட்ட, மணமான ஆடவர் 100 பேர். ஒரு பாதியினருக்கு அக்காலத்தில் கிடைத்த சிகிச்சைகள் பலவும் மாதக்கணக்கில் அளிக்கப்பட்டன. மறு பாதியினருக்கோ, கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரே ஒரு முறை தெளிவான அறிவுரை, அவ்வளவே. ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு சாராருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை! இதைக் கொண்டு சிகிச்சையே வீண் என்று சிலர் பேசியது அவசரப் பேச்சு. இரு குழுவினரையும் தொடக்கத்தில் நெடுநேரம் விசாரித்து ஆராய்ந்திருந்தார்கள். மனைவியரிடம் மாதந்தோறும் நிலைமையைக் கேட்டறிந்தும் வந்தார்கள். மாதந்தோறும் ஒருவர், "எப்படி இருக்கிறீர்கள் அம்மா?" என்று கேட்டதும் ஒரு சிகிச்சையாக அமைந்திருக்கலாமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எவ்வாறாயினும், தேறியவரைக் காட்டி "என் சிகிச்சையால் தேறினார்" என்று சொல்வது எவ்வளவு எளிது, மெய்ப்பிப்பது எவ்வளவு அரிது என்பதை அந்த நூறு குடும்பங்கள் உலகுக்குக் காட்டின.

இனி மாத்திரைக்கு வருவோம். பெயரில்லாப் பொடிக்குள் என்ன இருக்கிறது என்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் நம் நாட்டில் குடிப்பவருக்கு ஒளிவு மறைவாகக் கொடுக்கப்பட்டு வந்திருக்கும் ஒரு மருந்தை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். டைசல்ஃபிரம் என்பது அதன் பெயர். மேல்நாட்டில் ஆன்டபியூஸ் என்று விற்கப்பட்டது. இம்மருந்தின் வரலாறே, எந்தச் சான்றை எவ்வளவு நம்பலாம் என்பதற்குத் தக்க பாடம்.

1937-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழிற்சாலை மருத்துவர் ஒருவர், ரப்பர்த் தொழிலுக்கான ஒரு வகை இரசாயனப் பொருளைக் கையாண்ட தொழிலாளர்களால் மது அருந்த முடியவில்லை என்று எழுதினார். குடித்தால் முகம் சிவந்தது, நெஞ்சு படபடத்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்தாண்டு சென்றது. டென்மார்க்கின் தலைநகர் கோப்பன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாக்கப்சன் என்ற இருவர், அதே இனத்தைச் சேர்ந்த டைசல்ஃபிரம் வயிற்றுப் பூச்சிக்கு மருந்தாகுமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தனர். மருந்தை முதலில் தாமே விழுங்கிப் பார்த்தனர். பின்னர் விருந்தில் சிறிது மது அருந்தியபோது இருவரும் துன்புற்றனர். பூச்சி மருந்து தேடியவர் கையில் குடி மருந்து அகப்பட்டது. 1948-இல் செய்தி வெளிவந்தது. 1951-இல் அமெரிக்க அரசின் ஒப்புதலும் கிடைத்தது.

அது வேலை செய்யும் முறை எளியது. உடலுக்குள் சென்ற மது முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக மாறுகிறது. பின்னர் கல்லீரலிலுள்ள ஒரு நொதி அதைத் தீங்கற்றதாக மாற்றி வெளியேற்றுகிறது. டைசல்ஃபிரம் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. நச்சு தேங்குகிறது. சில நிமிடங்களில் முகம் கனன்று, தலை தெறித்து, குமட்டி, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து, மூச்சுத் திணறுகிறது. தொடக்க காலத்தில் இம்மருந்தை மிகுந்த அளவில் கொடுத்தார்கள்; நோயாளியை மருத்துவமனையிலேயே குடிக்கச் சொல்லி, இந்த அவதியை அவர் நேரில் உணரும்படியும் செய்தார்கள். உயிர்கள் போயின. பிறகு அளவு குறைக்கப்பட்டு, நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் என்ற வழக்கம் ஏற்பட்டது.

ஆனால் மருந்து உண்மையில் குடியை நிறுத்துகிறதா? ஒப்புதல் பெற்று முப்பத்தைந்து ஆண்டுகள் ஆன பின்னரே இவ்வினாவுக்குப் பெரிய அளவில் விடை தேடினார்கள் என்றால் வியப்பாக இல்லையா? அதுவரை பெரும்பாலும், "என்னிடம் வந்தவர்களில் இத்தனை பேர் தேறினர்" என்ற மருத்துவர் வாக்கே சான்றாக இருந்தது. நன்றிக் கடிதத்துக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

1986-இல் ரிச்சர்ட் ஃபுல்லர் என்பவரும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட ஆய்வு அது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான ஒன்பது மருத்துவமனைகளில் 605 ஆடவர். குலுக்கலில் மூன்று குழுக்கள் அமைந்தன. முதற்குழுவினர் 202 பேருக்கு 250 மில்லிகிராம் டைசல்ஃபிரம். இரண்டாம் குழுவினர் 204 பேருக்கும் அதே மருந்து. ஆனால் 1 மில்லிகிராம் மட்டும். அது உடலில் எவ்வித விளைவையும் உண்டாக்காத அளவு. எந்த அளவு தமக்குக் கிடைக்கிறது என்பது இவ்விரு குழுவினருக்கும் தெரியாது. குடித்தால் என்ன நேரும் என்ற எச்சரிக்கை இருவருக்கும் ஒன்றே. மூன்றாம் குழுவினர் 199 பேருக்கு வைட்டமின் மட்டுமே. டைசல்ஃபிரம் இல்லை என்று அவர்களிடம் சொல்லியும் விட்டார்கள். எல்லாருக்கும் ஆலோசனை உண்டு. ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். நோயாளியின் வாய்ச்சொல்லோடு நில்லாமல் உடன் வாழ்வோரையும் கேட்டார்கள். இதைச் செய்யாத ஆய்வை நான் பாதிதான் நம்புவேன். குடிப்பவர் தம் கணக்கைக் குறைத்துச் சொல்வது நாம் அறியாததா?

விளைவு என்ன? ஆண்டு முழுவதும் ஒரு துளியும் தொடாதவர் முதற்குழுவில் நூற்றுக்கு 18.8, இரண்டாம் குழுவில் 22.5, வைட்டமின் குழுவில் 16.1. குலுக்கலின் தற்செயல் ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடும் வேறுபாடு இது. உண்மையான மருந்து, பெயரளவு மருந்தை வெல்லவில்லை. பெயரளவு மருந்து வைட்டமினையும் வெல்லவில்லை.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. மாத்திரையைத் தவறாமல் விழுங்கியவர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே. அப்படித் தவறாமல் விழுங்கியவர்களில் குடியை அறவே விட்டவர் மிகுதி. "பார்த்தீர்களா, ஒழுங்காகச் சாப்பிட்டால் மருந்து பலிக்கிறது!" என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? பொறுங்கள். வைட்டமினைத் தவறாமல் விழுங்கியவர்களிடமும் இதே தொடர்பு காணப்பட்டது. அதாவது, நாள்தோறும் எழுந்து ஒரு மாத்திரையை மறவாமல் எடுத்துக்கொள்ளும் உறுதி யாரிடம் இருந்ததோ, அவரிடமே குடியை விலக்கும் உறுதியும் இருந்தது. "சொன்னபடி சாப்பிட்டவர் எல்லாரும் குணமானார்கள், குணமாகாதவர் சொன்னபடி சாப்பிடவில்லை" என்று எந்த விளம்பரத்தில் கண்டாலும் இந்த வைட்டமின்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்குச் சாதகமான செய்தி ஒன்றும் அதில் உண்டு. இடையில் குடித்துவிட்டவர்களுள், எல்லா விசாரணைகளுக்கும் தவறாது வந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், 250 மில்லிகிராம் உண்டவர்கள் ஆண்டில் சராசரி 49 நாள் குடித்திருந்தனர். 1 மில்லிகிராம் குழுவினர் 75 நாள். வைட்டமின் குழுவினர் 86 நாளுக்குச் சற்று மேல். கணிசமான வேறுபாடுதான். ஆயினும் குலுக்கலில் சரிசமமாகப் பிரித்தவர்களுள் சிலரை மட்டும் பொறுக்கி எடுத்தபின், பழைய சமநிலை அப்படியே இருக்கும் என்று உறுதி கூற இயலாது. தள்ளவும் வேண்டாம், தலையில் வைத்துக் கொண்டாடவும் வேண்டாம்.

அப்படியானால் டைசல்ஃபிரம் பயனற்றதா? பல ஆண்டுகள் அப்படித்தான் பலர் எண்ணினர். 2014-இல் 22 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு வெளிவந்தது. அதில் ஒரு விந்தை தெரிந்தது. யாருக்கு மருந்து, யாருக்குப் போலி என்பதை மறைத்து நடத்திய ஆய்வுகளில் மருந்துக்குப் பலன் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. மறைக்காமல் வெளிப்படையாகக் கொடுத்த ஆய்வுகளிலோ நல்ல பலன்.

பொதுவாக இத்தகைய முடிவைக் கண்டால், "மறைத்தபோது மறைந்துவிட்ட பலன் வெறும் நம்பிக்கையின் பலன்" என்று சொல்லித் தள்ளிவிடுவோம். இங்கே அப்படித் தள்ள இயலாது. வாயிற்கதவில் "நாய்கள் ஜாக்கிரதை" என்று பலகை தொங்கும் இரண்டு வீடுகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றில் நாய் உண்டு, மற்றதில் இல்லை. திருடன் இரண்டையும் விட்டு விலகிப் போகிறான். இரு வீட்டுக் கணக்கையும் ஒப்பிட்டுவிட்டு, "நாயால் பயனே இல்லை" என்று சொல்லலாமா? அவனைத் தடுத்தது கடி அன்று. கடிக்கும் என்ற அறிவு. மறைத்து நடத்திய ஆய்வில் இரு குழுவினருக்கும் ஒரே பலகையை மாட்டிவிட்டார்கள். ஆகவே வேறுபாடு தெரியவில்லை. டைசல்ஃபிரம் குடிக்கும் ஆசையைக் குறைக்கும் மருந்தன்று. "இன்று காலை மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன், இனி தொட்டால் தொலைந்தேன்" என்ற நினைவே அதன் மருந்துத் தன்மையில் பெரும்பகுதி.

சகோதரியின் குழம்புக்கு இப்போது வந்துவிட்டோம். தெரியாமல் கொடுப்பது என்பது பலகை இல்லாத வீட்டில் நாயை அவிழ்த்து விடுவது. கணவருக்குத் தெரியாது, ஆகவே அவர் விலகப் போவதில்லை. வழக்கம்போல் கடைக்குப் போவார், குடிப்பார். பலனை உண்டாக்கும் பகுதியை நீக்கிவிட்டு ஆபத்தை மட்டும் உணவில் இட்டதாக முடியும். என்ன நேர்கிறது என்று அவருக்கும் புரியாது, பக்கத்தில் இருப்பவருக்கும் புரியாது, தூக்கிச் செல்லும் இடத்து மருத்துவருக்கும் புரியாது. இதய நோயோ நீரிழிவோ உள்ளவருக்கு உயிரே போகலாம். அவர் ஓட்டுவதோ லாரி. நெடுஞ்சாலையில் கண் இருண்டால் அவர் ஒருவரோடு முடியுமா? மருந்தின் வேலை ஒருநாளில் நிற்பதுமில்லை. கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம் வரை நீடிக்கக்கூடும். குடித்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கவும் கூடாது. மாமியார் குழம்பு பரிமாறும் நேரத்தில் அவர் ஏற்கெனவே குடித்துவிட்டு வந்திருந்தால்?

இது என் சொந்த அச்சமன்று. அமெரிக்காவில் இம்மருந்தின் விவரத்தாளில், கட்டம் கட்டி முதலில் அச்சிடப்படும் எச்சரிக்கையே இதுதான்: போதையில் இருப்பவருக்கு ஒருபோதும் கொடுக்கலாகாது, நோயாளி முழுமையாக அறியாமல் ஒருபோதும் கொடுக்கலாகாது, உறவினருக்கும் மருத்துவர் இதைச் சொல்ல வேண்டும். இடுமருந்து என்ற பழைய சொல்லை நம் பாட்டிமார் எவ்வளவு அச்சத்தோடு உச்சரித்தனர் என்பது நினைவிருக்கிறதா? கட்டிய கணவனுக்குத் தெரியாமல் மருந்திடுவது அறமா என்ற வினாவைப் பங்குத் தந்தையிடம் விட்டுவிடுகிறேன். அது பயனற்றது என்பதை மட்டும் ஆய்வுகளைக் கொண்டு சொல்ல எனக்கு உரிமை உண்டு.

இதே மாத்திரை, இதே மனைவியின் கையால், கணவர் அறியக் கொடுக்கப்பட்டால் என்ன ஆகிறது? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து நாட்டுப்புறத்தில் நேதன் அஸ்ரின் என்பவரும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வு 1982-இல் வெளிவந்தது. 43 பேர் கொண்ட சிறிய ஆய்வு. ஒரு சாராரிடம் மாத்திரைச் சீட்டை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். மற்றொரு சாராரிடம், நாள்தோறும் குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், மனைவியோ நெருங்கிய ஒருவரோ அருகில் இருக்க மாத்திரையை உட்கொள்ளும்படி இருவரையும் பழக்கினார்கள். ஆறு மாத முடிவில், மணமானவர்கள் இந்த ஓர் ஏற்பாட்டினாலேயே ஏறத்தாழ முழுமையாகக் குடியை விட்டிருந்தார்கள். தனியாக வாழ்ந்தவர்களுக்கு இது போதவில்லை. வேலை, நட்பு, பொழுதுபோக்கு வரை பல உதவிகள் தேவைப்பட்டன. பிரிட்டனில் 1992-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் 126 பேர். கண்காணிப்பில் டைசல்ஃபிரம் உண்டவர்களுக்கு ஆறு மாதத்தில் குடியற்ற நாள்கள் சராசரி 100 கூடின. கண்காணிப்பில் வைட்டமின் சி உண்டவர்களுக்கு 69. இந்த 69 என்ற எண்ணையும் கவனியுங்கள். பார்த்துக்கொள்ள ஒருவர் இருப்பதும், மருத்துவரிடம் தவறாமல் போவதும், வெறும் வைட்டமினோடு சேர்ந்தே அவ்வளவு செய்திருக்கின்றன. மருந்தின் பங்கு அதற்கு மேற்பட்டதே.

மும்பையில் நடந்து 2004-இல் வெளிவந்த ஆய்வு நமக்கு இன்னும் அருகில் உள்ளது. 100 ஆடவர், ஒவ்வொருவருக்கும் மாத்திரையைக் கவனித்துக் கொடுக்க வீட்டில் ஒருவர். டைசல்ஃபிரம் பெற்றவர்களில் நூற்றுக்கு 86 பேர் ஓராண்டு முடிவில் குடியை விட்டிருந்தார்கள். ஆசையைத் தணிக்கும் நால்ட்ரெக்ஸோன் என்ற மாத்திரை பெற்றவர்களில் 44 பேர். குடிக்க வேண்டும் என்ற தவிப்பு என்னவோ நால்ட்ரெக்ஸோன் குழுவினருக்கே குறைவாக இருந்தது. 86 என்ற எண்ணைக் கண்டு மகிழலாம். ஆனால் அதை வெட்டி எடுத்து நம் வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ள இயலாது. சேர்ந்தவர் அனைவரும் விட வேண்டும் என்று தாமே வந்தவர்கள், குடும்பம் கைவிடாதவர்கள். எந்த மாத்திரை யாருக்கு என்பதை மருத்துவரும் நோயாளியும் அறிந்திருந்தனர். ஆய்வு யாரைப் பற்றியதோ அவரைப் பற்றியே அது பேசுகிறது. வர மறுப்பவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

மற்ற மருந்துகளைப் பற்றி ஒரு சொல். 2023-இல் 118 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அகாம்ப்ரோசேட் என்ற மருந்தைப் பதினொருவர் உட்கொண்டால், மருந்தில்லாமல் மீண்டும் குடிக்கத் தொடங்கியிருக்கக் கூடிய ஒருவர் காப்பாற்றப்படுகிறார். நால்ட்ரெக்ஸோனுக்கு அந்த எண் பதினெட்டு; பெருங்குடிக்குத் திரும்பாமல் காப்பதை மட்டும் கணக்கிட்டால் பதினொன்று. மருத்துவ உலகில் இவை நல்ல எண்களே. "நூற்றுக்கு நூறு" என்று சுவரில் எழுதுபவர் பக்கத்தில் வைத்தால் ஏழையாகத் தெரிகின்றன. எண்ணிப் பார்த்துச் சொல்பவரின் எண்கள் அப்படித்தான் இருக்கும்.

மருந்தில்லாப் பேச்சுக்கும் பலன் உண்டு. கோவாவில் பத்து ஆரம்பச் சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. அங்கே பேசியவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர் மக்கள். மூன்று மாதத்தில் ஆலோசனை பெற்றவர்களில் நூற்றுக்கு 36 பேர் தேறினர். பெறாதவர்களில் 26 பேர். ஓராண்டில் அந்த எண்கள் 54, 32 ஆயின. நூற்றுக்கு இருபத்தாறு பேர் அந்த ஆலோசனை இல்லாமலே தேறியதைப் பாருங்கள். அவர்கள் கையில் ஒரு பொட்டலம் இருந்திருந்தால் இருபத்தாறு நன்றிக் கடிதங்கள் கிடைத்திருக்கும்! ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அவர்கள் உடல் முழுவதும் மதுவுக்கு அடிமைப்பட்ட நிலையை எட்டாதவர்கள். மூன்று மாதக் கணக்கில் மனைவியரை அடிப்பது குறைந்ததாகவும் தெரியவில்லை. ஆய்வாளர்கள் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஆகவே மற்றதையும் நம்புகிறேன். பல பங்குகளின் மண்டபங்களில் கூடும் ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. சான்று போதாது என்று 2006-இல் எழுதிய அதே காக்ரேன் அமைப்பு, 2020-இல் 27 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, அக்கூட்டங்களுக்கு முறையாக ஆற்றுப்படுத்தும் சிகிச்சை மற்றச் சிகிச்சைகளைவிட முழுமையாகக் குடியை விடச் செய்வதில் சற்று மேலானது என்றே எழுதியது. புதிய சான்று வந்தால் பழைய தீர்ப்பை மாற்றிக்கொள்வது வெட்கமன்று.

சகோதரிக்கு இனி நேராகவே எழுதுகிறேன். அந்தப் பொட்டலத்தைக் குப்பையில் எறிந்துவிட வேண்டாம். அட்டையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மாமியார் ஏற்கெனவே சிறிது கலந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. கணவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் ஒரு முறை போய் வரலாம். அவர் குடிக்காத ஒரு காலை வேளையில், பிள்ளைகள் எதிரில் அல்லாமல், மருத்துவரைப் பார்க்க அழையுங்கள். "இன்றோடு நிறுத்திவிடு" என்று சத்தியம் மட்டும் வாங்காதீர்கள். பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக் குழப்பம் வரக்கூடும். முதல் சில நாள்கள் மருத்துவர் பார்வையில் கழிய வேண்டும்.

டைசல்ஃபிரம் பொருந்தும் என்று மருத்துவர் கருதினால், முதலில் இதயத்தையும் கல்லீரலையும் சோதிக்கச் சொல்லுங்கள். இம்மருந்து அரிதாகக் கல்லீரலைக் கெடுப்பதுண்டு. சில இருமல் மருந்துகளிலும் நம் அரிஷ்டங்களிலும் மது கலந்திருப்பதை அவரிடம் நினைவுபடுத்துங்கள். மாத்திரையைக் கணவரே கையில் வாங்கி, தாமே நீரில் கரைத்து, உங்கள் எதிரில் குடிக்கட்டும். காலைக் காப்பிக்குப் பின் என்று ஒரு நேரத்தை இருவருமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் பழைய கணக்கு எதையும் எடுக்க வேண்டாம். லாரியில் வெளியூர் போகும் நாள்களில் யார் பார்த்துக்கொள்வது என்பதை மருத்துவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். உடன் செல்லும் கிளீனர் நம்பிக்கையானவரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். மாமியாரிடம் இப்பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். அடகிலிருக்கும் காதணியைப் பற்றி மகளிடம் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.